அறமும் ஆட்சியும்: இடைக்காலச் சியனா நகர வளர்ச்சியில் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனையின் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

இடைக்கால ஐரோப்பிய நகரங்களில் மருத்துவமனை நோய் தீர்க்கும் இடமாக மட்டும் அமையவில்லை. வழிப்போக்கர், வறியவர், கைவிடப்பட்ட குழந்தைகள், முதியோர் ஆகியோரைப் பேணிய அந்நிறுவனம், நிலம், தானியம், பணம், கட்டடம் ஆகியவற்றின் வழியாக நகரின் உருவாக்கத்திலும் பங்கு கொண்டது. இத்தாலியின் சியனா நகரில் இயங்கிய சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனையைச் சான்றாகக் கொண்டு இப்பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது. தனியாரின் கொடைகளை நகரின் நிலையான வளமாக மாற்றியமையே அம்மருத்துவமனை நகர வளர்ச்சிக்கு ஆற்றிய முதன்மைப் பணி என்பதும், அவ்வளத்தின் மீதான உரிமை யாருக்கு என்ற வினாவே மருத்துவமனைக்கும் நகர அரசுக்கும் இடையிலான உறவை வடிவமைத்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: இடைக்கால நகரம், மருத்துவமனை, சியனா, கொடை, தானியக் களஞ்சியம், வாரக்குடி, நகர அரசு.

முன்னுரை

மருத்துவமனையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பலவும் ‘ஹோஸ்பெஸ்’ என்னும் இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து தோன்றியவை. விருந்தினர், விருந்தளிப்போர் ஆகிய இருவரையும் அச்சொல் குறிக்கும். தமிழ்ப் பேச்சு வழக்கில் உள்ள ‘ஆஸ்பத்திரி’ என்பதும் அவ்வேரின் வழியாக வந்ததே. பழந்தமிழில் ‘விருந்து’ என்பது புதுமையையும் புதிதாய் வந்தவரையும் குறித்தமை இங்கு நினைக்கத்தக்கது. முன்னறியாத ஒருவர் வாயிலில் வந்து நிற்கும்போது அவரை ஏற்று உணவும் உறைவிடமும் தருவதே இடைக்கால மருத்துவமனையின் தொடக்கப் பணி. அவர் நோயுற்றவராக இருந்தால் மருத்துவமும் அதனுள் அடங்கும். சோழர் காலக் கல்வெட்டுகள் குறிக்கும் ஆதுலர்சாலை என்னும் தொடரிலும் இவ்விரிவைக் காணலாம். ‘ஆதுலர்’ என்னும் சொல் நோயாளரையும் வறியவரையும் ஒருசேரக் குறிப்பது. எனவே, இன்றைய மருத்துவமனையின் பொருளை மட்டும் மனத்திற்கொண்டு இடைக்கால நிறுவனத்தை அளந்தால் அதன் பணிகளுள் பெரும்பகுதி பார்வைக்குத் தப்பிவிடும். இக்கட்டுரையில் மருத்துவமனை என்னும் சொல் மேற்கூறிய விரிந்த பொருளிலேயே ஆளப்படுகிறது.

பெருவழியும் பேராலய வாயிலும்

சியனா குன்றின்மேல் அமைந்த நகரம். அதற்குத் துறைமுகம் இல்லை. பெரிய ஆறும் இல்லை. குடிநீருக்காக நிலத்தடியில் நெடுந்தொலைவு சுரங்கக் கால்வாய்களை வெட்டவேண்டிய நிலையில் அந்நகர மக்கள் இருந்தனர். இவ்வளவு இடர்ப்பாடுகளுக்கு நடுவிலும் நகரம் வளர்ந்தமைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து உரோமுக்குச் செல்லும் ‘வியா பிரான்சிஜேனா’ என்னும் பெருவழி அதன் ஊடாகச் சென்றமையாகும். கி.பி. 990 அளவில் உரோமிலிருந்து இங்கிலாந்து திரும்பிய காண்டர்பரிப் பேராயர் சிகெரிக்கின் வழித்தங்கல் பட்டியலில் சியனாவும் இடம்பெறுகிறது. திருப்பயணிகளும் வணிகரும் தூதுவரும் இவ்வழியே நடந்தனர். அவர்களுள் களைத்தவர், நோயுற்றவர், கைப்பொருள் இழந்தவர் ஆகியோரை ஏற்கும் இடம் நகருக்குத் தேவைப்பட்டது.

இத்தேவையிலிருந்து தோன்றியதே ஸ்காலா மருத்துவமனை. சோரோரே என்னும் செருப்புத் தைப்பவர் 9ஆம் நூற்றாண்டில் இதனை நிறுவினார் என்பது பிற்கால வழக்கு. ஆவணச் சான்று 1090ஆம் ஆண்டிலிருந்துதான் கிடைக்கிறது. பேராலயத்தின் படிக்கட்டுகளுக்கு எதிரே அமைந்தமையால் ‘ஸ்காலா’, அதாவது ‘படிக்கட்டு’, என்னும் அடைமொழி அதற்கு வாய்த்தது. வழிபாட்டிடமும் வறியோர் இல்லமும் ஒரே முற்றத்தின் இருபுறமும் எதிரெதிராக நின்றமை, நகரின் நடுவே அறத்திற்கு அளிக்கப்பட்ட இடத்தைப் புலப்படுத்துகிறது. தொழுநோயாளர் இல்லங்கள் நகர மதிலுக்கு வெளியே அமைவது அக்கால ஐரோப்பிய வழக்கம். அவ்வகை இல்லம் நகரின் எல்லையைக் குறித்தது என்றால், ஸ்காலா போன்ற மருத்துவமனை நகரின் மையத்தைக் குறித்தது எனலாம்.

நிர்வாக மாற்றமும் மக்கள் மொழியும்

தொடக்கத்தில் பேராலயக் குருமார் மருத்துவமனையை நடத்தினர். அதில் தங்கிப் பணிபுரிந்த பொதுநிலைச் சகோதரர்கள் நாளடைவில் தன்னாட்சி கோரினர். 1193இல் மூன்றாம் செலஸ்தீன் என்னும் திருத்தந்தை, தலைவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை அச்சகோதரர்களுக்கு ஏற்பளித்தார். மருத்துவமனை குருமாரின் கையிலிருந்து குடிமக்களின் கைக்கு மாறியதன் முதற்படி இதுவே. அதன்பின் 13ஆம் நூற்றாண்டு முழுவதும் நகர அரசு மருத்துவமனையின்மீது தன் செல்வாக்கைச் சிறிது சிறிதாக விரிவுபடுத்தியது.

இம்மாற்றம் மொழியிலும் பதிவாகியுள்ளது. மருத்துவமனையின் ஒழுங்குவிதிகள் 1305இல் இலத்தீனில் அன்றி மக்கள் மொழியில் எழுதப்பட்டன. நகர அரசின் சட்டத்தொகுப்பு மக்கள் மொழிக்குப் பெயர்க்கப்பட்டது 1309, 1310ஆம் ஆண்டுகளில்தான். இலத்தீன் அறியாத எளியோரும் படித்துப் படியெடுத்துக்கொள்ள வசதியாக அத்தொகுப்பு பெரிய எழுத்தில், நல்ல தோலேட்டில் எழுதப்படவேண்டும் என்று அரசு ஆணையிட்டது. இலத்தீன் கல்லாத சகோதரர்களும் பணிமகளிரும் நாள்தோறும் பின்பற்றவேண்டிய விதிகள் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருத்தல் இன்றியமையாதது என்னும் நடைமுறைத் தேவையை மருத்துவமனை அரசுக்கு முன்னரே எதிர்கொண்டது. மக்கள் மொழி ஆட்சிமொழியாக உயர்ந்த வரலாற்றில் மருத்துவமனைக்கும் ஓர் இடம் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

கொடையும் தன்னொப்படைவும்

மருத்துவமனையின் செல்வம் இருவழிகளில் பெருகியது. இறக்கும் தறுவாயில் நகரத்தார் எழுதிய உயில்கள் ஒருவழி. தம் ஆன்மாவின் மீட்பை வேண்டி வீடு, வயல், திராட்சைத் தோட்டம், பணம் ஆகியவற்றை அவர்கள் மருத்துவமனைக்கு எழுதிவைத்தனர். தன்னொப்படைவு மற்றொரு வழி. ஒருவர் தம்மையும் தம் உடைமையையும் மருத்துவமனைக்கு ஒப்படைப்பார். மருத்துவமனை அவருக்கு வாழ்நாள் முழுவதும் உணவும் உடையும் முதுமைக்காலப் பேணுதலும் தரும். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒப்படைத்துக்கொள்வதும் உண்டு. இன்றைய ஓய்வூதிய ஏற்பாட்டின் பணியை இவ்வழக்கம் ஓரளவு ஆற்றியது. பிள்ளையற்ற முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் இது பெரும் புகலாக அமைந்தது.

சிறிதும் பெரிதுமாகச் சிதறிக்கிடந்த இச்சொத்துகள் ஒரே நிறுவனத்தில் குவிந்தபோது அவற்றின் இயல்பு மாறியது. குடும்பச் சொத்து தலைமுறைதோறும் பங்கு பிரிந்து சிறுக்கும். மருத்துவமனையின் சொத்தைப் பிரிக்க வாரிசுகள் இல்லை. அது பெருகியவாறே இருந்தது. பெரும் வணிகக் குடிகளின் செல்வம் வாணிக வீழ்ச்சியால் ஒரே தலைமுறையில் கரைந்த காலத்தில், கரையாத செல்வம் ஒன்று நகருக்குள் நின்றது. இதனைக் கொடைகளின் மிகுதி மட்டும் அளித்த பயன் எனல் பொருந்தாது. கொடைகளைத் தொகுத்து, கணக்கெழுதி, நிலைபெறச் செய்த நிர்வாகத்தின் பயனாகவும் இதனைக் கொள்ளவேண்டும்.

தானியக் கோட்டைகளும் வாரக்குடிகளும்

14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவமனை தன் நிலங்களைப் பெரும் பண்ணைகளாக ஒருங்கிணைத்தது. ‘கிராஞ்சா’ எனப்பட்ட இப்பண்ணைகள் ஒவ்வொன்றும் மதில் சூழ்ந்த களஞ்சியத்தை மையமாகக் கொண்டவை. சியனாவுக்குத் தெற்கே ஆர்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள கூனாவிலும், செர்ரே தி ராப்பொலானோ, மொந்தீசி முதலிய பிற ஊர்களிலும் இவை அமைந்தன. கூனாவின் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. பொதி சுமந்த விலங்குகள் மேல்தளம்வரை ஏறிச்செல்லும் வகையில் படிகளுக்குப் பதிலாகச் சரிவுப்பாதை அதனுள் கட்டப்பட்டிருப்பது, அங்குச் சேர்ந்த தானியத்தின் அளவை உணர்த்தப் போதுமானது.

இந்நிலங்கள் வாரமுறையில் உழப்பட்டன. வாரக்குடி உழைப்பைத் தருவார். நிலவுடைமையாளர் நிலத்தையும் முதலீட்டின் ஒரு பகுதியையும் தருவார். விளைச்சலில் இருவருக்கும் பாதி. வாரக்குடிகளின் குத்தகை குறுகிய காலத்தது. இவ்வாறு நாட்டுப்புறத்தில் விளைந்த கோதுமையின் ஒரு பங்கு மதில் சூழ்ந்த களஞ்சியத்துக்குள் சேர்ந்து, அங்கிருந்து நகரின் மருத்துவமனைக்கு வந்து, அதன் வாயிலில் வறியோருக்கு அப்பமாக வழங்கப்பட்டது. நகரத்து ஏழையின் பசியைத் தீர்த்த தானியம் நாட்டுப்புறத்து உழவரின் வாரப்பங்கிலிருந்தே வந்தது. மருத்துவமனையின் அறத்தைப் போற்றும் ஆய்வு இவ்வுண்மையையும் உடன்கூறவேண்டும். நகரும் நாடும் ஒரே அறத்தால் பிணைக்கப்பட்டபோதும் அப்பிணைப்பில் இரண்டும் சமநிலையில் இல்லை.

1329ஆம் ஆண்டின் பஞ்சம்

தானியத்தைக் கையில் வைத்திருந்த நிறுவனம் பஞ்சக்காலத்தில் அரசியல் ஆற்றலும் பெற்றது. 1328, 1329ஆம் ஆண்டுகளில் தஸ்கனி நாட்டைப் பஞ்சம் வாட்டியது. ஃபிளாரன்ஸ் நகரத் தானிய வணிகரான தொமெனிகோ லென்சி, தம் நகரச் சந்தையின் தானிய விலைகளைத் தொடர்ந்து பதிவுசெய்த தம் நூலில் சியனாவின் நிலையையும் விவரிக்கிறார். ஸ்காலா மருத்துவமனை வறியோருக்கு உணவு வழங்கிவந்தது எனவும், அதனை நாடி எண்ணிறந்தோர் நகருக்குள் திரண்டனர் எனவும், நகர அரசு அவ்வழங்கலைத் தடுத்தபோது பசித்த மக்கள் கிளர்ந்தெழுந்தனர் எனவும், இறுதியில் வறியோர் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர் எனவும் அவர் எழுதுகிறார். சியனா அவர்களைத் துரத்துவதையும் ஃபிளாரன்ஸ் அவர்களை ஏற்பதையும் காட்டும் ஓவியங்கள் அவருடைய சுவடியில் உள்ளன.

லென்சி போட்டி நகரத்தைச் சேர்ந்தவர். தம் நகரின் பெருமையை உயர்த்துவதில் நாட்டமுடையவர். ஆகவே அவர் கூற்றை முழுமையும் அவ்வாறே ஏற்பது முறையன்று. எனினும், அவருடைய விவரிப்பிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. யாருக்கு உணவளிப்பது என்பதை முடிவுசெய்யும் இரண்டு அதிகாரங்கள் ஒரே நகரில் இருந்தன என்பதே அது. மருத்துவமனையின் கண்ணோட்டத்தில் வாயிலுக்கு வந்தவர் அனைவரும் விருந்தினர். அரசின் கண்ணோட்டத்தில் நகரக் குடிகளின் உணவுக்கும் அமைதிக்கும் முன்னுரிமை உண்டு. வெளியாரைக் குடிகளிலிருந்து பிரித்தறிவது ஆட்சியின் இயல்பு. அப்பிரிவைப் பொருட்படுத்தாமை விருந்தோம்பலின் இயல்பு. இவ்விரண்டும் மோதிய இடமாக மருத்துவமனையின் வாயில் அமைந்தது.

பணமும் நம்பிக்கையும்

சியனா வங்கித் தொழிலில் பெயர்பெற்ற நகரம். அந்நகரின் மிகப்பெரிய வங்கி நிறுவனமான பொன்சிஞோரி குடும்பத்தின் ‘பெருமேசை’ 1298இல் நெருக்கடிக்குள்ளாகி, அடுத்த பத்தாண்டுகளுக்குள் முற்றிலும் சரிந்தது. இத்தகைய வீழ்ச்சிகளைக் கண்ட நகரத்தார் தம் சேமிப்புக்குப் பாதுகாப்பான இடத்தைத் தேடினர். 14ஆம் நூற்றாண்டில் ஸ்காலா மருத்துவமனை வைப்புத்தொகைகளைப் பெற்று, அவற்றுக்கு ஈடாக ஆண்டுதோறும் பயன்தொகை வழங்கியது. பரந்த நிலவுடைமையே அதன் உறுதிப்பாடு. வட்டியைத் திருச்சபை கடிந்த காலத்தில், அறநிலையத்தில் வைத்த பணத்துக்குக் கிடைக்கும் பயன் மனச்சான்றுக்கும் இதமாக இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. எளியோரின் சிறு சேமிப்புகளும் இவ்வாறு நகரின் பொருளாதாரத்துக்குள் வந்தன. நெருக்கடிக் காலங்களில் நகர அரசும் மருத்துவமனையின் பணத்தையும் தானியத்தையும் நாடியது.

குழந்தைகளும் நகரின் மனிதவளமும்

கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணுதல் மருத்துவமனையின் இன்றியமையாப் பணிகளுள் ஒன்று. கைக்குழந்தைகள் நகரிலும் சிற்றூர்களிலும் இருந்த பாலூட்டும் தாயரிடம் கூலிக்கு ஒப்படைக்கப்பட்டன. வளர்ந்தபின் ஆண்பிள்ளைகள் கைத்தொழில் பயின்றனர்; பெண்பிள்ளைகளுக்கு மருத்துவமனையே சீதனம் தந்து மணம் முடித்தது. பெற்றோர் அறியப்படாத குழந்தை தொழிலும் குடும்பமும் உடைய குடியாக மாறுவதற்குரிய வழி இவ்வாறு வகுக்கப்பட்டது. பாலூட்டும் தாயருக்குச் சென்ற கூலி சிற்றூர்க் குடும்பங்களின் வருவாயில் சேர்ந்தது. களஞ்சியத்தின் வழியாக நாட்டுப்புறத்திலிருந்து நகருக்கு வந்த வளத்தில் ஒரு சிறுபகுதியேனும் இவ்வழியாகத் திரும்பிச் சென்றமை குறிப்பிடத்தக்கது.

1348ஆம் ஆண்டின் கொள்ளைநோயும் அதன் விளைவும்

கொள்ளைநோய்க்கு முன்னர்ச் சியனாவில் ஏறத்தாழ 50,000 மக்கள் வாழ்ந்தனர் என மதிப்பிடப்படுகிறது. 1348இல் பரவிய நோயில் அவர்களுள் பாதிக்குக் குறையாதோர் மாண்டிருக்கக்கூடும். தம் ஐந்து பிள்ளைகளையும் தம் கையாலேயே புதைத்ததாக அந்நகர வரலாற்றுக் குறிப்பாசிரியர் அஞோலோ தி தூரா பதிவுசெய்துள்ளார். 1339இல் தொடங்கப்பட்ட பேராலய விரிவாக்கம் இடையிலேயே நின்றது. முற்றுப்பெறாத அதன் சுவர்கள் இன்றும் காணப்படுகின்றன.

இப்பேரழிவின்போது மருத்துவமனையால் நோயைத் தீர்க்க இயலவில்லை. அக்கால மருத்துவ அறிவுக்கு அந்நோய் அப்பாற்பட்டது. ஆயினும் இறந்தோரின் உயில்கள் வழியாக மருத்துவமனையின் செல்வம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியது. அறநிலையங்கள் கொடைகளால் மிகவும் செழித்துவிட்டன என்பதைக் காரணங்காட்டி, அவற்றுக்கு ஆண்டுதோறும் வழங்கிவந்த நிதியை நகர மன்றம் 1348 அக்டோபரில் ஈராண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. அரசு தளர்ந்த காலத்தில் மருத்துவமனை வளர்ந்தது என்பதற்கு இவ்வாணையே சான்று. 1400ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் மருத்துவமனைப் பணியாளர் பலர் இறந்தபோது, பின்னாளில் புனிதராகப் போற்றப்பட்ட இளைஞர் பெர்னார்தீனோ தோழர்களுடன் முன்வந்து நோயாளரைப் பேணினார். செல்வத்தால் நிரப்பமுடியாத வெற்றிடத்தை நகரத்தாரின் உழைப்பு நிரப்பிய நிகழ்வு இது.

நகர வெளியும் ஓவியமும்

மருத்துவமனை நகரின் உருவத்தையும் மாற்றியது. பேராலய முற்றத்தில் தொடங்கிய கட்டடம், குன்றின் சரிவில் பல தளங்களாக இறங்கிப் பள்ளம்வரை பரவியது. அடுத்தடுத்த வீடுகளும் நிலங்களும் அதனுள் இணைந்தன. கட்டடத் தொகுதியின் நடுவே ஒரு தெருவே உள்தெருவாக அமைந்தது. 1359இல் கான்ஸ்தாந்திநோபிளிலிருந்து வந்த திருப்பண்டங்களை மருத்துவமனை பெரும் பொருட்செலவில் பெற்றது. மார்ச்சு 25ஆம் நாள் விழாவில் அவை மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. மருத்துவமனையின் விழா நகரின் விழாவாயிற்று.

1335இல் மருத்துவமனையின் முகப்பில் சிமோனே மார்த்தீனியும் லோரென்செத்தி உடன்பிறந்தார் இருவரும் சுவரோவியங்கள் தீட்டினர். அவை இன்று இல்லை. அவ்வுடன்பிறந்தாருள் ஒருவரான அம்புரோஜியோவே 1338, 1339ஆம் ஆண்டுகளில் நகர அரசின் மாளிகையில் நல்லாட்சியின் விளைவுகளைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியத்தைத் தீட்டினார். ஒரே ஓவியரை இரு நிறுவனங்களும் அமர்த்திக்கொண்டமை, நகரத்தாரின் கண்ணில் இரண்டும் ஒத்த மதிப்புடன் விளங்கின என்பதைக் காட்டுகிறது. 1440களின் தொடக்கத்தில் தொமெனிகோ தி பார்த்தோலோ மருத்துவமனையின் பெருங்கூடத்தில் தீட்டிய ஓவியங்களில், நோயாளியின் சிறுநீர்க் குடுவையை ஆராயும் மருத்துவர்கள், காயமுற்ற இளைஞனைக் கழுவும் பணியாளர், குழந்தைகளுக்குப் பாலூட்டும் தாயர், மணம் முடிக்கப்பெறும் பெண் ஆகியோர் இடம்பெறுகின்றனர். தன் பணிகளையே வழிபாட்டுக்குரிய பொருளைப்போல் சுவரில் எழுதிவைத்த நிறுவனம், தான் நகருக்கு யார் என்பதை ஐயமின்றி அறிந்திருந்தது.

உரிமை மாற்றமும் ஒப்பீடும்

1404இல் மருத்துவமனைத் தலைவரை நியமிக்கும் உரிமை நகர அரசின் கைக்கு வந்தது. குருமாரிடமிருந்து சகோதரர்களுக்கும், சகோதரர்களிடமிருந்து அரசுக்கும் உரிமை மாறிய நெடிய போக்கு இத்துடன் நிறைவுற்றது. 1329இல் மருத்துவமனையின் வாயிலில் மோதிய இரு அதிகாரங்களும் ஒன்றாயின.

இப்போக்கின் தனித்தன்மை பிற நகரங்களோடு ஒப்பிடும்போது விளங்கும். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284, 1285ஆம் ஆண்டுகளில் எழுப்பிய மன்சூரி மருத்துவமனை, கல்விக்கூடமும் கல்லறை மாடமும் உடன் அமைந்த தொகுதி. அதன் செலவுக்குரிய வருவாய் ‘வக்ஃபு’ என்னும் அறக்கொடை வழியாக நிலைநிறுத்தப்பட்டது. அங்கு நகரின் மையத்தை மன்னரின் ஒரே ஆணை வடிவமைத்தது. சியனாவிலோ பல தலைமுறைகளின் சிறு கொடைகள் அப்பணியை ஆற்றின. மிலான் நகரில் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா என்னும் கோமகன் 1456இல் பெரிய மருத்துவமனையை நிறுவியபோது, சிதறிக்கிடந்த சிறு மருத்துவமனைகளின் பணிகளை ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொணரும் நோக்கம் இருந்தது. அதற்கு முன்மாதிரியாக ஃபிளாரன்ஸ், சியனா மருத்துவமனைகளின் அமைப்பை அறிய அவர் முயன்றார். சியனாவில் இயல்பாக வளர்ந்தது மிலானில் திட்டமாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. சியனாவில் மருத்துவமனை நகர வளர்ச்சியின் விளைவாக மட்டும் தோன்றவில்லை. அவ்வளர்ச்சியைத் தாங்கிய காரணிகளுள் ஒன்றாகவும் விளங்கியது. பெருவழியில் வந்தோரை நகருக்குரியோராக்கும் வாயிலாக அது செயற்பட்டது.

2. கொடை, உயில், தன்னொப்படைவு ஆகியவற்றால் வந்த சிதறிய சொத்துகளைத் தானியமாகவும் பணமாகவும் மனிதவளமாகவும் கட்டடமாகவும் மாற்றிக் காலம் கடந்து நிலைக்கச் செய்தமையே அதன் முதன்மைப் பங்களிப்பு.

3. இவ்வளத்தின் பெரும்பகுதி நாட்டுப்புற வாரக்குடிகளின் உழைப்பால் விளைந்தது. எனவே நகர வளர்ச்சியின் கணக்கில் நாட்டுப்புறத்தின் பங்கும் சேர்த்தெண்ணப்பட வேண்டும்.

4. அறத்தால் திரண்ட வளம் அதிகாரமாகவும் திரண்டது. அதனை அரசு தன்வயப்படுத்தியதன் வழியாகவே வறியோர் நலம் நகர ஆட்சியின் கடமையாக உருப்பெற்றது.

அக்கடமை யாருக்கு உரியது, குடிக்கு மட்டுமா, வாயிலில் நிற்கும் புதியவருக்குமா என்ற 1329ஆம் ஆண்டின் வினாவை 1404ஆம் ஆண்டின் மாற்றம் தீர்த்துவிடவில்லை; அதற்கு விடைகூறும் பொறுப்பை அரசிடமே சேர்த்தது. மருத்துவமனையின் வரலாற்றை மருத்துவத்தின் வரலாறாக மட்டும் அன்றி, நகரம் தன் பொறுப்புகளை உணர்ந்த வரலாறாகவும் கற்பதற்குச் சியனா தக்க சான்றாக அமைகிறது.